கைரேகை முதல் பாஸ்போர்ட் வரை: வாடகை ஸ்கூட்டரின் கதை

மைசூர் மைன்ஸ் என்று சொன்னால், "ஓ, அரண்மனை இருக்கிற ஊரா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு சாமி! கோலார் தங்கவயலின் பெரிய சுரங்கங்களில் ஒன்றின் பெயர்தான் மைசூர் மைன்ஸ். 1880-ல் தொடங்கியது. தோண்டியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு பக்கமிருந்து போன நம் ஆட்கள். 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எங்கள் தலைமுறை பெங்களூர், வளைகுடா, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டது.

சிதறியவர்களுக்கெல்லாம் இப்போது லீவு கிடைத்தால் தாய்லாந்து, பாலி, வியட்நாம், இலங்கை, கோவா. இறங்கியதும் முதல் வேலை வாடகைக்கு ஸ்கூட்டர். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் கதையை ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊரில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்திருக்கிறோம். கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீ எந்த லைன், யார் பையன்?" அப்பா பெயர் நோட்டில் ஏறிவிடும். அதுதான் டெபாசிட், அதுதான் ஜாமீன். சைக்கிளை உடைத்தால் சாயந்தரம் வீட்டுக்கே ஆள் வந்துவிடும்.

அதே ஊரில்தான் 1930-ல் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்று வந்த விதியை எதிர்த்து. உள்ளே இறங்கினால் உயிரோடு ஏறி வருவோமா என்று தெரியாத வேலை. அதற்குத் துணிந்த மனிதர்கள் ஒரு ரேகைக்கு ஏன் கொதித்தார்கள்? தன் அடையாளம் இன்னொருவன் பெட்டியில் பூட்டப்பட்டால் பேரம் பேசும் பலம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேரன்கள் நாம் என்ன செய்கிறோம்? கடற்கரையில் முன்பின் தெரியாத கடைக்காரரிடம் பாஸ்போர்ட்டையே நீட்டிவிட்டு, ஹெல்மெட் கூட இல்லாமல் கிளம்புகிறோம் :-)

வங்கிக்காரன் என்பதால் சொல்கிறேன், அடமானம் வாங்குபவன் கையில்தான் எப்போதும் பிடி இருக்கும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்தக் கீறல் புதுசு, இவ்வளவு பணம் வை" என்றால், மறுநாள் விமானம் பிடிக்க வேண்டியவர் என்ன வாதாட முடியும்? இந்திய பாஸ்போர்ட் நம் சொத்தே இல்லை, அரசாங்கத்தின் சொத்து என்று 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. நம்முடையது அல்லாததை அடகு வைப்பதா? நகல் கொடுங்கள், ரொக்க டெபாசிட் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. எடுக்கும்போதே, கடைக்காரர் எதிரிலேயே, வண்டியைச் சுற்றி செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

அடுத்தது லைசென்ஸ். "யார் பையன்?" என்ற கேள்விக்கு வெளிநாட்டில் பதில் சொல்லும் காகிதம் அது. மோட்டார் வண்டிகள் எல்லை தாண்ட ஆரம்பித்ததும், 1909-ல் பாரிசில் நாடுகள் கூடி வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் போதும் என்று முடிவு செய்தன. 1926-ல் ஓட்டுபவருக்குத் தனிச் சான்றிதழ் வந்தது. பிறகு 1949-ல் ஜெனீவா ஒப்பந்தம், 1968-ல் வியன்னா ஒப்பந்தம். இந்த இரண்டிலும்தான் சிக்கலே!

இந்தியா கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தப்படியானது. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். ஆனால் வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தப்படியான அனுமதியை. அதாவது, முறையாகக் கட்டணம் கட்டி வாங்கிய நம் புத்தகம் அங்கே செல்லாது. கடைக்காரர் வண்டி கொடுப்பார், அதில் சந்தேகமே வேண்டாம். அவர் கொடுத்துவிட்டதால் மட்டும் அது சட்டப்படி சரியாகிவிடாது. இலங்கையில் இந்த அனுமதியோடு உள்ளூர் ஒப்புதலும் வாங்க வேண்டும். வளைகுடா லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், எந்த நாடு லைசென்ஸ் கொடுத்ததோ அந்த நாட்டில்தான் சர்வதேச அனுமதியும் வாங்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கார் லைசென்ஸ் ஸ்கூட்டருக்கு ஆகாது. அனுமதிப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிளுக்கு உரிய 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

என் அக்கா மகன் இதைப் பார்க்கவில்லை. கார் லைசென்ஸோடு ஒரு தீவில் ஸ்கூட்டர் ஓட்டி, மழையில் சறுக்கி, தோள் எலும்பு முறிந்தது. பயணக் காப்பீடு இருந்தது. "இந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை" என்று ஒரே வரியில் கைவிரித்துவிட்டார்கள். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த பணத்தில் பாதி ஆஸ்பத்திரிக்குப் போனது. காப்பீட்டுக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தோம். பாலிசியைப் படித்துப் பார்த்தால் அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று கடையில் சொல்வார்கள். எது என்று கேளுங்கள். பிரிட்டன் 1930-ல் கட்டாயமாக்கியதும், நம் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 1946-லிருந்து இந்தியாவில் அமலானதும் மூன்றாம் நபர் காப்பீடு. நீங்கள் இடித்த ஆளுக்கு அதில் பணம் கிடைக்கும். உங்கள் எலும்புக்கும் வாடகை வண்டிக்கும் தனியாக ஏற்பாடு வேண்டும்.

இந்தியாவிலேயே எடுப்பதானாலும் விதி உண்டு. 1997-ல் மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டம் என்று மத்திய அரசு கொண்டு வந்தது. உரிமம் பெற்ற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். கோவாவில் வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகக் கொடுத்தால் அது யாருடைய சொந்த வண்டியோ. விபத்து என்றால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம்.

சுருக்கமாக: 'ஏ' முத்திரை, போகும் நாடு ஏற்கும் ஒப்பந்தம், பயணக் காப்பீட்டில் இருசக்கர வாகனத்துக்கான வரி, தலைக்குச் சரியான ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். இதில் ஒன்று குறைந்தாலும் ஆட்டோ, டாக்ஸி, பஸ் எல்லா ஊரிலும் ஓடுகிறது. பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதானே?