இலை பறித்த ஊர்களும் பட்டு நெய்த ஊரும்: தமிழகத்தில் மல்பெரிச் சாகுபடியின் வரலாறு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை நெசவாளர்களின் ஊர். தறி, பாவு, ஊடை எல்லாம் அங்கே உண்டு. அந்தப் பட்டுக்கு மூலமான மல்பெரி இலை மட்டும் எப்போதும் வேறெங்கோ பறிக்கப்பட்டது: வங்காளத்தில், சீனத்தில், மைசூரில், கொள்ளேகாலத்தில், பிறகு ஓசூரிலும் தர்மபுரியிலும். காஞ்சிப் பட்டைப் பற்றி எழுதியவர்கள் கோயிலையும் குலத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். செடியையும் அதை அறுவடை செய்த உழவரையும் அந்த வரலாற்றுக்குள் கொண்டுவந்தவர்கள் குறைவு. பட்டின் விலையில் ஏறிய ஒவ்வொரு ஏற்றமும் இறங்கிய ஒவ்வொரு இறக்கமும் முதலில் இலைக் காட்டில்தான் உணரப்பட்டன என்பதால், இந்த விடுபடல் சிறிய குறை இல்லை.

மல்பெரிப் பழத்தைக் கண்டவர்களுக்குக் குளிர்நாட்டு ராஸ்பெர்ரி நினைவுக்கு வரும். இரண்டும் மணிமணியாகத் திரண்ட பழங்கள். இரண்டும் விரலில் கறை ஏற்றும். உறவு மட்டும் கிடையாது. ராஸ்பெர்ரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. மல்பெரி ஆலும் அத்தியும் பலாவும் சேர்ந்த குடும்பம். ராஸ்பெர்ரியில் ஒரே பூவிலிருந்து அத்தனை மணிகளும் திரள்கின்றன. மல்பெரியில் பல பூக்கள் கூடி ஒரு பழம் ஆகின்றன. பட்டுக்காக வளர்க்கும் தோட்டத்தில் அந்தப் பழத்துக்கு மதிப்பில்லை. செடியின் சத்து இலைக்குப் போக வேண்டும் என்பதே உழவரின் கணக்கு.

அந்த இலை அறுவடையின் பழைய முறையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த புழுவுக்குக் கொடுக்கும் இலையைக் கொழுந்திலிருந்து எண்ணிப் பறிக்கிறார்கள். கிளையின் நுனியில் பளபளப்பு மிகுந்த பெரிய இலை எது என்று முதலில் பார்க்கிறார்கள், அதுவே அளவுகோல். அதையும் அதை ஒட்டிய இலைகளையும் கிள்ளி, பொடியாக நறுக்கித் தட்டில் தூவுகிறார்கள். புழு வளர வளர, கீழே உள்ள முற்றிய இலைக்குப் போகிறார்கள். வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும்தான் பறிப்பு. பறித்த இலையை ஈரச் சாக்கால் மூடி வைக்காவிட்டால் வாடிவிடும், வாடிய இலையைப் புழு சரியாகத் தின்னாது. நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும் புழு, தன் ஆயுளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தின் ஒரு வாரத்தில்தான் தின்கிறது. அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

வெள்ளைக் கூடு கட்டும் இன்றைய வெண்பட்டு ரகங்களில் ஒரு கிலோ கூட்டுக்கு 16 முதல் 20 கிலோ இலை வேண்டும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோ கூடு. அரைக் கிலோ பட்டு பிடிக்கும் ஒரு சேலைக்கு 60, 70 கிலோ இலை பறிக்கப்பட்டிருக்கிறது என்று இதிலிருந்து கணக்கிடலாம்.

நெசவு முதலில் வந்தது, செடி பின்னால் வந்தது. இதுவே தமிழகப் பட்டின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய விந்தை. புகாரில் பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் வேலை செய்த காருகர் வாழ்ந்த தெருவைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. பட்டு நூல் கடல்வழியும் தரைவழியும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நெசவுக் குடிகள் வந்த நூலைக் கொண்டே பல நூற்றாண்டுகள் தொழில் செய்தார்கள்.

தென்னிந்தியாவில் மல்பெரியைத் திட்டமிட்டுப் பரப்பிய முதல் பெரிய முயற்சி திப்பு சுல்தானுடையது. 1786இல் சீரங்கப்பட்டணத்துக் கோட்டைத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பட்டுப்புழு கொண்டுவர வங்காளம் போன புர்ஹானுத்தீனும் கஸ்தூரி ரங்காவும் திரும்பி வருகிறார்கள். புழுவை வைக்க எந்த இடம் தோது என்று அவர்களிடமே கேட்டறிய வேண்டும். முன்பே நடச் சொன்ன மல்பெரியின் இலையை உணவாகத் தர வேண்டும். நாட்டில் 21 இடங்களில் புழு வளர்க்கப் போகிறோம் என்று அதில் சொல்கிறார். புழு வந்து சேரும் முன்பே இலைக்கு ஏற்பாடு நடந்திருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, கண்ணால் பார்த்துக் கற்று வந்தவர்களிடம் விட்டதும் கவனிக்கத்தக்கது. இந்த இரண்டு செயல்களின் மதிப்பை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் போட்டவர். சாயம் தரும் கொச்சினீல் பூச்சிக்காகச் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் வைத்தவரும் அவரே. 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வரவழைத்து, மல்பெரிக் குச்சிகளைக் கர்நாட்டிக் எனப்பட்ட கரையோரப் பகுதியெங்கும் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு அனுப்பி நடச் செய்தார். அது தொடர்பான கடிதங்களை அச்சிட்டும் வெளியிட்டார். அவருடைய ஊக்கத்தில் குறை காண முடியாது. செடியும் எளிதில் தளிர்த்தது. குச்சியை மண்ணில் ஊன்றித் தண்ணீர் காட்டினால் துளிர்க்கும் இயல்புடையது மல்பெரி. ஆனாலும் சோழமண்டலக் கரையில் பட்டு வளர்ப்பு ஒரு குடித்தொழிலாக நிலைக்கவில்லை. 1809இல் ஆண்டர்சன் மறைந்தார்.

அதே குச்சியும் அதே வங்காளப் புழுவும் மைசூரில் நிலைத்து, கரையில் நிலைக்காமல் போனது ஏன்? பதில் செடியில் இல்லை, புழுவில் இருக்கிறது. புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். காஞ்சிபுரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லாத சமவெளி. சித்திரை, வைகாசி வெயிலை மல்பெரி தாங்கும், புழு தாங்காது. மைசூரை ஒட்டிய கொள்ளேகாலம் சுமார் 600 மீட்டர் உயரத்திலும் ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கூடுதலாக, மைசூர்ப் பக்கம் ஆண்டு முழுதும் திரும்பத் திரும்ப வளர்க்கக்கூடிய, சிறிய மஞ்சள் கூடு கட்டும் ஓர் இனம் நிலைபெற்றது. சுத்த மைசூர் எனப்படும் அது உறுதியான உடம்பும் குறைந்த நூலும் உடையது. ஒரு கூட்டிலிருந்து வரும் இழை சுமார் 400 மீட்டர்தான். ஏழை உழவருக்கு நூலின் நீளத்தைவிடப் புழு சாகாமல் இருப்பதே முக்கியம் அல்லவா?

1800 ஏப்ரலில் கம்பெனிக்காக நாட்டை ஆய்வு செய்யச் சென்னையிலிருந்து கிளம்பிய பிரான்சிஸ் புக்கானன், காஞ்சிபுரம் வழியாகத்தான் மைசூர் நாட்டுக்குப் போனார். நெசவு ஊரையும் மல்பெரி நாட்டையும் ஒரே பயணத்தில் பார்த்தவர் அவர். அந்தப் பாதையே பிறகு பட்டு நூல் வந்த பாதையும் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புழுவைத் தாக்கும் பெப்ரின் நோய் ஐரோப்பியப் பட்டு வளர்ப்பை அழித்தது. மைசூரிலும் புழுக்கள் மடிந்தன. 1866இல் தெ வெக்கி என்ற இத்தாலியர் ஜப்பானிய முட்டைகளை மைசூருக்குக் கொண்டுவந்து பார்த்தார். 1890களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்துப் பெங்களூரில் பட்டுப் பண்ணை அமைத்தார். தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து நோயற்ற முட்டைத் தொகுதிகளைப் பிரித்துத் தரும் முறை மெல்ல மெல்ல ஊன்றியது. உழவர் முட்டைத் தொகுதியை விலை கொடுத்து வாங்கி வளர்க்கும் ஏற்பாடு இதிலிருந்து பிறந்ததே.

சென்னை மாகாணத்தின் மல்பெரி அக்காலத்தில் பெரும்பாலும் ஒரே தாலுகாவுக்குள் அடங்கியிருந்தது: கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகாலம். மைசூருக்கு ஒட்டிய அந்தச் செம்மண் பூமியில் மானாவாரியாகவே மல்பெரி வளர்த்தார்கள். மழையை நம்பிய நிலத்தில் அகன்ற இடைவெளியில் குழி எடுத்து நட்டு, இலையை ஒவ்வொன்றாகக் கையால் பறிப்பது ஒரு முறை. பாசனம் உள்ள இடத்தில் நெருங்கிய வரிசைகளாக நட்டு, கிளையோடு தரையை ஒட்டி அறுப்பது இன்னொன்று. இதைக் கோலார் முறை என்பார்கள். முதல் முறைக்கு ஆள் அதிகம் வேண்டும், இரண்டாவதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டு எப்போதும் போட்டிக்கு நின்றது. சீன, ஜப்பானியப் பட்டின் விலைச் சரிவால் 1930களின் தொடக்கத்தில் மல்பெரி நிலங்கள் சுருங்கின. தீர்வை வாரியம் 1933இல் அறிக்கை தந்தது, 1934இல் பாதுகாப்புத் தீர்வை வந்தது. இரண்டாம் உலகப் போரில் கிழக்காசியப் பட்டு வரத்து நின்று, பாராசூட்டுக்குப் பட்டு தேவைப்பட்டபோது மல்பெரிக்கு ஒரு பொற்காலம். போர் முடிந்ததும் அதுவும் முடிந்தது. 1949இல் மத்தியப் பட்டு வாரியம் உருவானது.

பிறகு வந்தது 1956. மொழிவழி மாநிலங்கள் அமைந்த நவம்பர் 1ஆம் தேதி கொள்ளேகாலம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைப் போராட்ட வரலாற்றில் திருத்தணியும் தேவிகுளம், பீர்மேடும் பேசப்படும் அளவுக்குக் கொள்ளேகாலம் பேசப்படுவதில்லை. பட்டைப் பொறுத்தவரை அதுவே பெரிய இழப்பு. நெசவின் பெரும்பகுதி இந்தப் பக்கம், தோட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கம் என்று ஒரே நாளில் ஆயிற்று. காஞ்சி வட்டாரத் தறிகள் அதன்பின் பெங்களூரு, ராமநகரம் சந்தைகளையே பெரிதும் நம்பி ஓடின.

தமிழ்நாட்டின் மறுதொடக்கம் எல்லையோரத்தில்தான் நிகழ்ந்தது: ஓசூர், தேன்கனிக்கோட்டை, தாளவாடி. அங்கே உழவர் வீடுகளுக்கு எல்லைக்கு அப்பால் உறவும் உண்டு, தொழில் அறிவும் உண்டு. அரசு நாற்றும் முட்டையும் கொடுத்தது உண்மை. வேலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து உழவர்களே என்று கொள்வது பொருந்தும். 1979இல் பட்டு வளர்ச்சிக்குத் தனித்துறை ஏற்பட்டு, சேலத்தில் தலைமையகம் அமைந்தது. தர்மபுரி பட்டுக்கூட்டுச் சந்தை மாநிலத்தின் பெரிய சந்தையாக வளர்ந்தது. காஞ்சிபுரத்தில் அண்ணா பட்டு பரிமாற்றகம் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கச்சாப் பட்டு வழங்கும் வாயிலானது. 1990இல் ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் வந்தது. அதன் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகள் வளர்கின்றன.

1997இல் மைசூருவின் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி1 ரகம் தோட்டத்தின் முகத்தையே மாற்றியது. பழைய கன்வா ரகத்தில் ஹெக்டேருக்கு 30, 35 டன் கிடைத்த இடத்தில், பாசனமும் உரமும் குறையாமல் கொடுத்தால் 60 டன்னைத் தாண்டியது. அதே காலத்தில் வெண்பட்டுக் கலப்பினங்களும் பரவின. ஒரு கூட்டில் ஆயிரம் மீட்டர் வரை இழை. கையால் சுற்றும் சர்க்காவில் இழுத்த ஏற்றத்தாழ்வான நூல் ஊடைக்குப் போதும். பாவுக்கு அறாத, சீரான நூல் வேண்டும். அதைத் தர வெண்பட்டால் முடிந்தது. சீனப் பட்டின் மலிவான வரத்தைத் தடுக்க 2003இல் பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வை விதிக்கப்பட்டதும் உழவருக்கு மூச்சுவிட இடம் தந்தது.

அறுவடையும் மாறியது. இன்று பெரும்பாலான தோட்டங்களில் இலையைக் கிள்ளுவதில்லை. 65, 70 நாளைக்கு ஒரு முறை கவாத்து, ஆண்டுக்கு ஐந்து அறுப்பு. கிளையை அப்படியே வெட்டி வந்து அடுக்குத் தாங்கியில் புழுவின் மேல் பரப்புகிறார்கள். ஆள் கூலி பெருமளவு குறைந்தது. கொழுந்து எண்ணிப் பறிக்கும் வேலை, முதல் இரண்டு பருவங்களை மட்டும் வளர்த்துத் தரும் இளம்புழு வளர்ப்பு மையங்களுக்குப் போயிற்று. அந்த நுணுக்கம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது என்பதையும், கூலிக் கணக்கில் அது ஒருபோதும் தனியாக மதிக்கப்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

மலைநாட்டை விட்டு மல்பெரி சமவெளிக்கு இறங்கியது கடைசி இருபது முப்பது ஆண்டுகளின் கதை. உடுமலை, திண்டுக்கல், தேனி என்று கிணற்றுப் பாசன ஊர்களில் பரவியது. தனி வளர்ப்பு மனை, கூரைமேல் நீர் தெளிப்பு, ஈரச் சாக்குத் திரை ஆகியவை புழுவுக்கு ஏற்ற குளிர்ச்சியை ஓரளவு உண்டாக்கின. ஆண்டர்சனுக்குக் கிடைக்காத வசதி இதுதான். ஆனால் 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, அண்டை மாவட்டங்களிலும் மல்பெரியைச் சுருட்டிப் போட்டது. புழு தின்னும் இலையில் விருப்பம்போல் மருந்தடிக்க முடியாது. மருந்தின் மிச்சம் புழுவையே கொன்றுவிடும். தோட்டத்தைப் பிடுங்கிய உழவர்கள் பலர். 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோஃபேகஸ் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகே பூச்சி அடங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கச்சாப் பட்டு உற்பத்தி 2,000 டன்னைத் தாண்டியிருக்கிறது. மொத்தத்தில் வெண்பட்டின் பங்கு இங்கே மிக அதிகம்.

ஐயம்பேட்டைக்கு அருகில் ஓடும் பாலாற்றின் மேல்பகுதியில், வாணியம்பாடியில், இப்போது பட்டுக்கூடு அங்காடி நடக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கரையோரத்தில் வேர்பிடித்தும் நிலைக்காத மல்பெரி, வடமேற்கு மலைநாட்டைச் சுற்றிக்கொண்டு பாலாற்றுப் படுகைக்கு வந்திருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிணற்று நிலங்களில் அது நிலைக்குமா என்பதைத் தண்ணீரும், மே மாத வெப்பத்தில் வளர்ப்பு மனையைக் குளிர்விக்க ஆகும் செலவும், கூட்டுக்குக் கிடைக்கும் விலையுமே முடிவு செய்யும்.