ஃபெஸ் அரண்மனையை ஒட்டிய யூதர் தெரு

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய நகரின் சந்துகளிலும் தோல் பதனிடும் தொட்டிகளிலும் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மரினித் மன்னர்கள் 1276இல் தங்கள் ஆட்சிக்கென எழுப்பிய 'புதிய ஃபெஸ்' பகுதியில், அரண்மனையை ஒட்டினாற்போல் 'மெல்லா' இருக்கிறது. 1438இல் ஏற்பட்ட இந்த யூதர் குடியிருப்புதான் மொராக்கோவில் முதலாவது. பின்னாளில் மராகேஷ் முதலிய ஊர்களில் அமைந்த யூதர் பகுதிகளுக்கும் இதன் பெயரே வழங்கலாயிற்று.

அதற்கு முன்பே ஃபெஸில் யூதர்கள் இருந்தார்கள். தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் 1160களில் சில ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர். பழைய நகரில் குடியிருந்த யூதர்களை அரண்மனையருகே கொண்டுவந்தது அவர்களைக் காக்கவா, ஒதுக்கவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியமான கேள்வி அடுத்திருந்த அரியணை எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதுதான்.

1465இல் நடந்ததைப் பாருங்கள். சுல்தான் அப்துல் ஹக் ஒரு யூதரை உயர் பதவியில் அமர்த்தியிருந்தார். நகரம் கொதித்தெழுந்தது. சுல்தான் கொல்லப்பட்டார், மரினித் வம்சம் அவரோடு முடிந்தது, மெல்லாவும் தாக்குதலுக்கு ஆளானது. 1790இல் சுல்தான் யசீத் தாமே யூதர்களை மெல்லாவைவிட்டு வெளியேற்றினார். 1792இல் அவர் இறந்த பிறகுதான் அவர்கள் வீடு திரும்பினார்கள். காக்கவேண்டிய கையே அடித்தால் யாரிடம் முறையிடுவது?

1912 ஏப்ரலில் வந்தது இன்னும் விசித்திரமான சோதனை. மொராக்கோவைப் பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்த ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரங்களில் மொராக்கோச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். மெல்லா கொள்ளையிடப்பட்டது; ஏறக்குறைய ஐம்பது யூதர்கள் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களுக்கு அரண்மனைக் கதவு திறந்தது. ஆயிரக்கணக்கானோர் தங்க இடம் போதாமல், சுல்தானின் விலங்குக் காட்சிசாலையில் காலியாக இருந்த கூண்டுகளில் குடும்பம் குடும்பமாக ஒண்டிக்கொண்டார்கள். அந்தக் காட்சியின் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

மெல்லாவின் பெரிய தெருவில் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கவேண்டும். முஸ்லிம் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி உள்முற்றத்தை நோக்கி நிற்க, இங்கே மரத்தாலான மேல்மாடங்கள் தெருவை எட்டிப் பார்க்கின்றன. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் வந்து சேர்ந்தபின் மெல்லாவாசிகள் உள்ளூர் யூதர், வந்தேறிய யூதர் என இரு பிரிவாகி, சடங்குகளிலும் சட்டங்களிலும் நெடுங்காலம் பிணங்கினார்கள். பொன் வேலையும் சரிகை இழைப்பும் யூதர் கைத்தொழில்களாக விளங்கின.

பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்ன் தனான் ஜெபாலயத்தின் வாசல் பக்கத்து வீட்டு வாசலைப் போலவே இருக்கும்; தேடித்தான் பிடிக்கவேண்டும். உள்ளே போனால் வண்ண ஓடுகள் பதித்த சுவர், மரக்கூரை, தோரா சுருள்களை வைக்கும் மரப்பேழை. தரைக்கடியில் சடங்கு நீராட்டுக்கான சிறு குளம். 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இதை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்த பிறகே பழுதுபார்த்தார்கள்.

அருகிலேயே கல்லறைத் தோட்டம். அரைவட்ட முதுகுடைய வெள்ளைக் கல்லறைகள் சரிவில் நெருக்கியடித்துக் கிடக்கும். 1834இல் மதம் மாற மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட தாஞ்சியர் நகர இளம்பெண் சோலிகாவின் சமாதி இங்கேதான். அவளிடம் வேண்டிக்கொள்ள முஸ்லிம் பெண்களும் வந்ததாகச் சொல்வார்கள்.

உள்ளூர் யூதர் மரபைச் சேர்ந்த ஸ்லாத் அல்ஃபாசியீன் ஜெபாலயம் இடையில் சில காலம் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடமாகிக் கிடந்தது. அதைச் சீரமைத்து 2013இல் திறந்தபோது, இஸ்லாமியக் கட்சியைச் சேர்ந்த பிரதமர் மன்னரின் செய்தியை வாசித்தார். அரியணையை நம்பியே மெல்லா நிற்கும் பழைய ஏற்பாடு மாறவில்லை என்றே எனக்குப் படுகிறது. 1948இல் மொராக்கோவில் ஏறத்தாழ 2,50,000 யூதர்கள் இருந்தார்கள். இன்று எஞ்சியிருப்போர் சில ஆயிரம் பேர்தாம். மெல்லா வீடுகளில் இப்போது குடியிருப்பவர்கள் முஸ்லிம்கள்.

ஃபெஸுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் ஒரு முற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்று மட்டும் வேண்டாம்.