வாயிலில் எழும் குரல்: தற்காப்புரிமையும் ஆபத்தில் உட்புகுவோரும்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை கரையேறியபோது, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்களிற் பிறர் வீட்டு மதிலேறிக் குதித்தும் கதவுடைத்தும் உயிர்காத்தோர் பெரும்பாலும் அயலவரே. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், மதிலேறி வந்தவனைக் கள்வனென்று ஐயுற யார்க்குத் தோன்றும்? ஏழாண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், அதே கரையோரம் இரவெல்லாம் கண்விழித்திருந்தது. 'கிறீஸ் பூதம்' என்றும் 'மர்ம மனிதன்' என்றும் பெயர்பெற்ற அச்சம் ஊரூராய்ப் பரவிற்று. பொத்துவிலிற் பொதுமக்களுக்கும் பொலிசாருக்குமிடையே மோதல் மூண்டது. மேற்குக் கரையிற் புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார்.

மதில் ஒன்றே, ஏறியவனைப் பற்றி வீட்டார் கொண்ட எண்ணமே வேறு. அவ்வெண்ணத்துக்குச் சட்டம் எத்துணை இடமளிக்கின்றது என்பதை அதன் வரலாற்றினின்றே அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1604இல் தீர்ப்பான செமெயின் வழக்கு, ஒருவனது இல்லம் அவனுக்குக் கோட்டை என்னும் கொள்கையை நிலைநாட்டியதெனப் பலரும் கூறுவர். அவ்வழக்கின் மறுபாதியை நினைவுகூர்வோர் சிலரே. அரச காரியமாக வரும் அதிகாரி கதவையுடைக்கலாம்; ஆயின் அதற்கு முன்னர், தான் வந்த காரணத்தை அறிவித்துக் கதவைத் திறக்குமாறு கேட்டல் வேண்டும். இரண்டாண்டுகளின் பின், வெடியுப்பு வழக்கில், நகரைத் தீயினின்று காத்தற்பொருட்டு அயல்வீட்டை இடித்தல் முறையேயென நீதிபதிகள் உரைத்தனர். அவ்விதி ஏட்டிலிருந்தும், 1666இல் இலண்டன் பற்றியெரிந்தபோது நகரத் தலைவர் புளட்வர்த், இடித்த வீட்டுக்கு ஈடு கொடுப்பவர் யாரெனத் தயங்கி நின்றார். தீ அவருக்காகக் காத்திருக்கவில்லை.

மெக்காலே தலைமையிலான ஆணைக்குழு 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையில் இக்கருத்துக்கள் புகுந்தன. அதனைப் பெரிதும் தழுவி இலங்கையில் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டது. அதுவரை ஈண்டு குற்றவியலில் ஆட்சி செலுத்திய உரோமன் டச்சுச் சட்டம் அத்துடன் பின்வாங்கிற்று. இந்தியாவில் மூலக்கோவை 2024இல் நீக்கப்பட்டு அதனிடத்தை வேறொன்று பெற்றுள்ளது. இலங்கைக் கோவையோ திருத்தங்களுடன் இன்றும் வழங்குகின்றது.

அக்கோவையின் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை தற்காப்புரிமையைப் பற்றியன. இரவில் வீடுடைத்துப் புகுவோனை எதிர்க்குமிடத்து, அவ்வுரிமை உயிர்போக்குமளவுக்கும் செல்லலாமென்கின்றது 96ஆம் பிரிவு. தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாதென வரம்பிடுவது 92ஆம் பிரிவு. அரச ஊழியர் ஒருவர் தம் பதவியின் பேரில் நல்லெண்ணத்துடன் செய்யுஞ் செயல் சட்டத்துக்குச் சிறிது பிசகியதாயினும், மரணமோ கடுங்காயமோ நேருமென நியாயமாக அஞ்சுதற்கு இடமில்லாதபோது, அவரை எதிர்த்துத் தற்காப்புரிமை இல்லையென்பதும் அப்பிரிவே. ஆயினும் அதன் விளக்கவுரை ஒரு நிபந்தனை விதிக்கின்றது: வந்தவர் அரச ஊழியர் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும், அன்றேல் அவ்வாறு நம்புதற்குக் காரணமேனும் இருத்தல் வேண்டும்.

அரச ஊழியரல்லாத அயலவனுக்கு 92ஆம் பிரிவு துணைவாராது. அவனைக் காப்பன வேறு. குற்றஞ்செய்யவோ அச்சுறுத்தவோ தொல்லைப்படுத்தவோ எண்ணிப் புகுந்தாலன்றி 427ஆம் பிரிவின்படி அத்துமீறல் ஆகாது. பெருந்தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்துடன் செய்த சிறுதீங்கைக் குற்றமன்றென விலக்குவது 74ஆம் பிரிவு. தீப்பரவாமல் வீடிடித்தவனே அதற்கு உதாரணம். பழைய இலண்டன் நெருப்பின் வெம்மை அவ்வுதாரணத்தில் இன்னும் ஆறவில்லை.

இவை யாவும் நீதிமன்றத்திற் பயன்படுவன. இருளில் மதிலடியில் நிற்பவனுக்கு நேரக்கூடியதை 91ஆம் பிரிவு ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. உட்புக உரிமையுள்ள ஒருவன் இரவில் ஒரு வீட்டுட் புகுகின்றான். வீட்டவன் அவனைக் கள்வனென நல்லெண்ணத்துடன் மயங்கித் தாக்குகின்றான். தாக்கியவன் குற்றவாளியல்லன். தாக்கப்பட்டவனுக்கும் திருப்பித் தாக்கித் தன்னைக் காக்கும் உரிமை குறைவின்றியுண்டு. இருவரும் நிரபராதிகள்; இருவர் கையிலும் தடி! சட்டம் தான் தீர்க்கவியலாத இடத்தை இத்துணை நேர்மையாக ஒப்புக்கொள்வது அரிது.

ஆகவே அனைத்தும் வாயிலில் எழும் குரலிற் சென்று முடிகின்றன. இக்கரையோர மக்களுக்கு அது புதிதன்று. பிறர் இல்லத்துட் புகுமுன் அனுமதி கேட்டுச் சலாமுரைக்கப் பணிப்பது திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம். ஈண்டு வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. திருமணத்தின்பின் மணமகனே அவ்வீட்டுக்கு வருகின்றான். ஆதலின் வாயிலில் மறுமொழி சொல்பவள் வீட்டுக்குரியவளாகவே இருத்தல் கூடும். திரைமறைவில் வாழும் பெண்ணின் அறையுட் புகுமுன் அவள் விலகிச்செல்ல அறிவித்தலும் வசதியும் அளிக்கவேண்டுமென, இந்தியாவின் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையும் 48ஆம் பிரிவில் விதித்திருந்தது.

'1990 சுவசெரிய' நோயாளர் வண்டிச் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் கிழக்குக்கும் வந்தது. அழைத்த வீட்டுக்கு அதன் ஊழியர் அந்நியரல்லர். அழைப்பறியாத பின்வீட்டு முற்றத்தினூடாகத் தூக்குப்படுக்கையுடன் ஓடுமிடத்தோ அவரும் இருளில் ஓர் உருவமே. சீருடை, விளக்கு, குரல் ஆகிய மூன்றுமே 92ஆம் பிரிவு வேண்டும் 'நம்புதற்குக் காரணம்' ஆகத்தக்கவை. அக்குரல் எம்மொழியில் எழவேண்டுமென்று செமெயின் வழக்கு கூறவில்லை. 1604இல் இலண்டனில் அக்கேள்வி எழுதற்கு இடமில்லை. தமிழ் மட்டுமே அறிந்த கல்முனை இல்லத்தின் வாயிலிற் சிங்களத்தில் மட்டும் எழும் அறிவிப்பு, உள்ளிருப்பவளுக்கு வந்தவர் யாரென நம்புதற்குக் காரணமாகுமா என்பது, ஈண்டுச் சட்டம் பயில்வோர் எடுத்தாராயவேண்டிய வினா.