நாம எந்தப் பக்கம்ப்பா?

பெங்களூர் வந்து 11 வருஷம் ஆச்சு. ஆயுத பூஜைக்குப் பூ வாங்க வருஷா வருஷம் கே.ஆர். மார்க்கெட் போகிறவன் நான். ஆனால் அதற்குக் கொஞ்ச தூரத்திலேயே, விக்டோரியா ஆஸ்பத்திரி பக்கம், ஒரு கருங்கல் கோட்டை வாசல் இருக்கிறது என்பது போன மாதம்தான் தெரிந்தது. அதுவும் மகளுக்கு எட்டாம் வகுப்பு பிராஜெக்ட் வந்த புண்ணியத்தில்.

டெல்லி கேட் என்று பெயர். உள்ளே கூட்டமே இல்லை. கோட்டைச் சுவரில் ஒரு சின்னக் கல்வெட்டு. இந்த உடைப்பு வழியாகத்தான் ஆங்கிலேயர் உள்ளே புகுந்தார்கள், 1791 மார்ச் 21, என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "அந்தச் சண்டையில நாம எந்தப் பக்கம்ப்பா?" என்றாள்.

"வா, ஜூஸ் குடிக்கலாம்" என்று சமாளித்தேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அடுத்த மூன்று வாரம் படித்தேன். நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் வேலை. அதனால் வவுச்சர் சரிபார்க்கிற மாதிரிதான் சரித்திரத்தையும் பார்க்க வரும்.

முதல் ஆச்சரியம், கோட்டையைப் பிடிக்க வந்த ஆள். கார்ன்வாலிஸ் பிரபு. 1781 அக்டோபரில் அமெரிக்காவில், யார்க்டவுன் என்ற ஊரில், வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்தாரே, அதே கார்ன்வாலிஸ்தான். சரணடையும் அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்க அடுத்த நிலை அதிகாரியை அனுப்பினார். இப்படித் தோற்றவருக்கு 1786-ல் இந்தியாவில் கவர்னர் ஜெனரல் பதவி! (நம்ம பேங்கில் ஒரு சின்ன கடன் வாராக்கடன் ஆனாலே பிரமோஷன் நின்றுவிடும். அது வேறு கதை.)

1791 பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பினார். ஆம்பூர் வழியாக வருவது போலப் போக்குக் காட்டிவிட்டு, முகலி கணவாய் ஏறி, மார்ச் 5-ம் தேதி பெங்களூர் முன்னால் வந்து நின்றார். அப்போது ஊர் இரண்டு பகுதி. வடக்கே வியாபாரிகளின் பேட்டை. இன்றைய அவென்யூ ரோடும் சிக்பேட்டையும் அதற்குள்தான். தெற்கே ஹைதர் அலி 1761 வாக்கில் கருங்கல்லால் பலப்படுத்திய கோட்டை. இரண்டுக்கும் நடுவே இருந்த வெளியில்தான் பின்னாளில் மார்க்கெட் வந்தது.

மார்ச் 7-ம் தேதி பேட்டை விழுந்தது. திப்பு அன்றைக்கே திரும்பப் பிடிக்க ஆள் அனுப்பியும் முடியவில்லை. பிறகு பேட்டையிலிருந்தே கோட்டையை நோக்கிப் பீரங்கிகளை நிறுத்திச் சுவரை உடைத்தார்கள். 21-ம் தேதி இரவு, நிலா வெளிச்சத்தில், உடைப்பு வழியாக ஏறினார்கள். கில்லேதார் பகதூர் கான், வயதானவர், கடைசி வரை சண்டை போட்டு அங்கேயே செத்தார். கோட்டைக்குள் செத்த மைசூர்க்காரர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். திப்புவின் பெரும்படை பக்கத்திலேயே இருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

யார்க்டவுனை அமெரிக்காக்காரர்கள் தேசியப் பூங்காவாக வைத்துக் காக்கிறார்கள். நம்ம போர்க்களத்தில் சாமந்தியும் கறிவேப்பிலையும் விற்கிறோம். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன நடந்தது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன்.

ஏறி வந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. கம்பெனியின் மெட்ராஸ் படையில் சிப்பாய்கள் நம்ம பக்கத்து ஆட்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. அகழி வெட்டவும் ஏணி தூக்கவும் 1780-ல் தொடங்கிய மெட்ராஸ் பயனியர் படை இருந்தது. அதன் வாரிசுதான் இன்று அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ். இன்றைக்கும் ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'!

அப்படியானால் கம்பெனி பக்கமா? அங்கேதான் சிக்கல். எங்கள் ஊர் திண்டுக்கல். ஹைதர் அலி பெரிய ஆளாவதற்கு முன் ஃபவுஜ்தாராக இருந்த ஊர் அது. 1772-ல் காளையார்கோவிலில் கம்பெனிப் படை கணவரைக் கொன்றபின், சிவகங்கை வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சிக்கு. ஹைதரின் உதவியோடுதான் 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார். அந்தக் கணக்கில் நாம் மைசூர் பக்கம். ஆனால் அதே 1780-ல் ஹைதரின் குதிரைப்படை ஆற்காட்டுச் சீமைக் கிராமங்களைக் கொளுத்தியதும் உண்மை. அங்கே வீடிழந்தவனிடம் கேட்டால் வேறு பதில்தான் வரும்.

முடிவு என்ன ஆச்சு? 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாதி ராஜ்ஜியம் போனது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு. அதைக் கட்டும் வரை திப்புவின் இரண்டு மகன்கள் பிணை. கடனுக்கு நகையை அடமானம் வாங்கும் தொழிலில் இருப்பவன் நான். பிள்ளைகளை அடமானம் வாங்கிய பத்திரத்தைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. அந்தப் பாதியில்தான் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையான பாராமகாலும் எங்கள் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. பாராமகாலில் ரீடும் மன்றோவும் ஆரம்பித்ததுதான் குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை. ஊரில் நம்ம தாத்தா பீரோவில் பூட்டி வைத்த பட்டாவுக்கும், இங்கே பூ மார்க்கெட் பக்கத்துச் சுவர் உடைப்புக்கும் சம்பந்தம் உண்டு.

ஜெயித்தவர்கள் நினைவுச் சின்னமும் வைத்தார்கள். இங்கே கார்ப்பரேஷன் எதிரே நின்ற தூண் 1964-ல் அகற்றப்பட்டது. அந்தப் பக்கம் இன்று நிற்பது கெம்பே கவுடா சிலை. சென்னையில் கார்ன்வாலிஸுக்கு வைத்த நினைவு மண்டபம் இடம் மாறிப் போய், செனடாப் ரோடு என்று பெயர் மட்டும் மிச்சம்.

எந்தப் பக்கம் என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது, தமிழ்நாட்டு நம்பர் வண்டியைப் போர்வை போட்டு மூடிவிட்டு, எல்.கே.ஜி. படித்த இவளிடம், "வெளியே தமிழ்ல பேசாதடா கண்ணு" என்று சொன்னவன் நான். அன்று ராத்திரி பால் வாங்கிக் கொடுத்தது எதிர்வீட்டுக் கன்னடக்காரர்.

போன ஞாயிறு மகளிடம் சொன்னேன்: "ஏணி பிடிச்சவனும் நம்மாள். ஹைதரை நம்பி விருப்பாட்சிக்குப் போன ராணியும் நம்மாள். வீடு எரிஞ்சு நின்னவனும் நம்மாள். ஒரு பக்கம்னு சொன்னா மத்தவங்களை மறைக்கிறதா ஆயிடும்."

"அப்ப பிராஜெக்ட்ல என்ன எழுதறது?"

"இதையே எழுது."

எழுதினாள். பத்துக்கு ஏழு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது மலைக்கோட்டை ஏற வேண்டுமாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்லி கேட்டுக்குக் கூட்டிப் போங்கள். ஜூஸ் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம்.