வெட்டியும் சவ்வாது மலையும்

சோழர் கல்வெட்டுக்களில் ‘வெட்டி’ என்னும் சொல் பலகாலும் பயில்வது. கூலி பெறாது செய்து தீரவேண்டிய வேலையை அது குறித்தது. ‘அமஞ்சி’ என்பதும் அவ்வினமே. இன்று அச்சொல் பயனற்ற செயலைக் குறிக்கின்றது. பயன் பிறர்க்குச் சென்றதேயன்றி இல்லாமற் போகவில்லை என்பதை வழக்கு மறந்தது போலும்!

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 23-ஆம் பிரிவால் இவ்வழக்கத்தைத் தடுத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்து, அதன் வழிப்பட்ட கடனையும் அற்றுப்போகச் செய்தது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. சட்டம் வகுத்த குறைந்த அளவுக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்பே என்றது. வறுமையும் ஒருவகை வற்புறுத்தலே என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி.

இனிச் சவ்வாது மலையை நோக்குவோம். ஆங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். (பெயர் கண்டு கேரளரெனக் கொள்ளற்க, தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தோர் என்பதே அவர்தம் வழக்கு.) சாமை விளைப்போர், விளைவு போதாதபோது தரகர்வழி வெளியூர் வேலைக்குச் செல்வோர். 2015 ஏப்பிரல் 7-ஆம் நாள் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவலரால் சுடப்பட்டு இறந்த தமிழர் 20 பேருள் இம்மலையினரும் இருந்தனர். செம்மரம் வெட்டியோர் என்றனர் காவலர்; முன்னரே பிடித்துச் செல்லப்பட்டனர் என்றனர் உயிர் தப்பியோர். எவ்வாறாயினும், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் குற்றவாளியராகத் தோன்றினரேயன்றித் தொழிலாளராகத் தோன்றவில்லை. வெளிமாநிலத்திற்கு ஆளனுப்பும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவேண்டும் என 1979-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அவ்விதி மலையடிவாரத்தில் செயற்பட்டிருப்பின், அவர்களை யார், எவ்வேலைக்கு, என்ன கூலிக்கு அழைத்துச் சென்றனர் என்பது ஏட்டில் இருந்திருக்கும்.