ஏழு டாலரை மறுத்தவர்களின் கல்லறை

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் துறைமுகத்திற்குத் தெற்கே ஃபாலி என்னும் மணல் தீவு ஒன்று உண்டு. 1987-ஆம் ஆண்டில் அத்தீவில் கட்டட வேலைக்காக நிலம் திருத்தப்பட்ட இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொல்லியல் அறிஞர்கள் அகழ்ந்து பார்த்தபோது பத்தொன்பது பேரின் புதைகுழிகள் தெரிந்தன. அவர்கள் அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில் ஒன்றிய அரசின் பக்கம் நின்ற கறுப்பின வீரர்கள். மாசசூசெட்ஸ் 55-ஆம் காலாட்படையும், முன்னாள் அடிமைகளைக் கொண்டு அமைந்த வட கரோலினா முதற்படையும் 1863-இல் அத்தீவில் பாசறை அமைத்திருந்தன.

அவர்கள் பீரங்கிக் குண்டுக்கு இரையானவர்கள் என்று எண்ணிவிடலாகாது. அப்போரில் மாண்ட கறுப்பின வீரர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நோயே. ஃபாலி தீவில் நல்ல குடிநீர் அரிது. அகழி வெட்டுதல், பீரங்கிகளை இழுத்தல், கப்பற் சரக்கு இறக்குதல் ஆகிய கடும் பணிகள் வெள்ளைப் படையினரைக் காட்டிலும் இவர்கள் தலையிலேயே மிகுதியாக விழுந்தன. பிறர் செய்யத் தயங்கும் வேலையை ஒரு சாராருக்கென ஒதுக்கும் வழக்கம் கடலுக்கு அப்பாலும் ஒன்றே போலும்!

ஆனால் நம் இளைஞர்கள் ஊன்றி உணரத் தக்கது ஊதியச் செய்தியாகும். வெள்ளை வீரனுக்குத் திங்கள் ஊதியம் 13 டாலர். அதே ஊதியம் தருவதாக வாக்களித்துச் சேர்க்கப்பட்ட கறுப்பின வீரனுக்கோ 10 டாலர்தான். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம் போக, கைக்கு எட்டுவது 7 டாலர். 55-ஆம் படையினர் அதனை வாங்க மறுத்தனர். மாசசூசெட்ஸ் அரசு, குறைகின்ற தொகையைத் தானே ஈடுசெய்ய முன்வந்து, 1863 டிசம்பரில் தன் அலுவலர்களைத் தீவுக்கே அனுப்பியது. அதையும் வீரர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது பணமன்று. வெள்ளையனுக்குக் கொடுக்கும் அதே கை தமக்கும் அதே அளவில் கொடுக்க வேண்டும் என்பதே. ஊரில் மனைவி மக்கள் வறுமையில் வாட, ஓராண்டுக்கு மேல் ஊதியமின்றிப் பணியாற்றினர். இந்த உறுதியைப் போர்க்களத்து வீரத்தினும் மேலானது என்றே யான் மதிப்பேன்.

பாசறையில் மனக்கொதிப்பு மூண்டது. அதிகாரியின் ஆணையை மறுத்து அவரைத் தாக்கியதாக வாலஸ் பேக்கர் என்னும் படைவீரன் 1864 ஜூன் 18 அன்று அத்தீவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். சம ஊதியச் சட்டம் நிறைவேறியது அதற்கு மூன்று நாள் முன்னர், ஜூன் 15-இல்! நிலுவைப் பணம் தீவை அடைந்ததோ அவ்வாண்டு அக்டோபரில். 1863-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அந்த மணலில் புதைக்கப்பட்ட 55-ஆம் படையினர், தம் ஊதியத்தில் ஒரு டாலரையும் தொடாமலே மடிந்தவர் ஆவர்.

எஞ்சியவர்கள் 1865 பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் நகருக்குள் பாடிக்கொண்டே அணிவகுத்து நுழைந்தனர். விடுதலை பெற்ற மக்கள் திரண்டு வரவேற்றனர். அப்போரின் பயன் நம் நாட்டிலும் உணரப்பட்டது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க மக்களுக்கே உரிமையாக்கினார்.

1989 மே 29, அமெரிக்கர் போரில் மாண்டோரை நினைவுகூரும் நாள். அன்று பத்தொன்பது பேரின் எச்சங்களும் பியூஃபர்ட் நகரிலுள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்தில் முழு இராணுவ மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 1863-லேயே ஒன்றியப் படையினருக்கென ஏற்பட்ட தோட்டம் அது. மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ் நேரில் வந்து கலந்துகொண்டார். சம ஊதியத்திற்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள், சம மரியாதைக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

55-ஆம் படையின் வரலாறு 1868-லேயே நூலாக வெளிவந்துவிட்டது. படையினரின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. ஆயினும் எந்த எலும்பு எவருடையது என்று கூற எவராலும் இயலவில்லை. பெயர்கள் ஏட்டில் இருக்க, பெயரற்றவர்களாகவே அவர்கள் பியூஃபர்ட்டில் துயில்கின்றனர்.