கராம்பு கடந்த வழி

விசுவமடுச் சந்தியில் எந்தப் பலசரக்குக் கடையிலும் கராம்பு இருக்கும். ஆட்டிறைச்சிக் கறிக்கு நாலு, பல்லுக்கொதிக்கு ஒன்று. கையில் எடுத்துப் பார்த்தால் நான்கு சிறு பற்களுக்கு நடுவே ஒரு குமிழ். அது விரியாமலே காய்ந்துபோன பூமொட்டு.

பதினெட்டாம் நூற்றாண்டுவரை உலகச் சந்தைக்கு வந்த கராம்பெல்லாம் மலுக்குத் தீவுகளின் விளைச்சல்தான். முதலில் தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மாக்கியான், பாச்சான் என்ற ஐந்து சிறு தீவுகள். அங்கிருந்து மேற்கே போன வழியில் எங்கள் கரையும் உண்டு. திருக்கேதீச்சரக் கோயிலை ஒட்டிய, பழைய துறைமுகமான மாந்தை மேட்டில் 1980களில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் தொடங்கிய அகழ்வு போரால் நின்றது. 2009–10இல் மீண்டும் தோண்டியபோது மிளகு, கோதுமை, திராட்சை விதை ஆகியவற்றோடு ஒரேயொரு கராம்பும் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 900–1100. கோதுமையும் திராட்சையும் வன்னி மண்ணின் விளைச்சல் அல்ல. மேற்கிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாய்ருசியாக இருக்கவேண்டும்.

அதற்கும் முன்னரே, ஆறாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ வணிகர் கொஸ்மாஸ் இலங்கைத் தீவுக்குக் கிழக்கிலிருந்து பட்டும் சந்தனமும் கராம்பும் வந்து இறங்குவதை எழுதிவைத்தார். பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு இங்கே ஒரு தேவாலயம் இருந்ததையும் அவரே சொல்கிறார். பிறகு பாரசீக வளைகுடாவின் சீராப், பஸ்ரா, பக்தாத் என்று சரக்குக் கைமாறியது. ஏறத்தாழ 965இல் முஸ்லிம் ஸ்பெயினான அந்தலூசியாவிலிருந்து புறப்பட்ட பயணி இப்ராகிம் இப்னு யாகூப் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மிளகு, இஞ்சி, கராம்பு எல்லாம் கண்டு திகைத்தார். சமர்கந்தில் அச்சடித்த வெள்ளிக்காசும் அங்கே புழங்கியது.

சரக்கைப்போல அறிவும் கைமாறியது. பண்டைக் கிரேக்க அறிவை அரபுகள் பத்திரப்படுத்தி ஐரோப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்வது வழக்கம். ஏதோ பெட்டகத்துக்குக் காவலிருந்த மாதிரி! நடந்தது வேறு. 948 அளவில் கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசர், பண்டைக் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸின் மூலிகை நூலைப் படங்களோடு கோர்டோபாக் கலீபாவுக்கு அனுப்பினார். அங்கே கிரேக்கம் படிக்க ஆளில்லை. 951இல் நிக்கொலாஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார்; யூதரும் முஸ்லிம்களும் அவரோடு உட்கார்ந்து செடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். இந்தக் கதையை எழுதிய மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் அதோடு விடவில்லை. டயோஸ்கோரிடிஸ் சொல்லாத மருந்துகளுக்கென்றே தனியாக ஒரு நூல் செய்தார். கராம்பும் டயோஸ்கோரிடிஸ் அறியாத சரக்குத்தான். இப்னு சீனாவின் மருத்துவ நூலில் அதற்கு இடமுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோவில் ஜெரார்ட் என்ற மொழிபெயர்ப்பாளர் அந்த நூலை லத்தீனாக்க, ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் பல நூற்றாண்டு அதைத்தான் படித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த இந்தக் கதை போர்த்துக்கேய மாலுமி வாஸ்கோ ட காமாவோடு தொடங்கியது. பசியை மூட்டியவர்களை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவனிலிருந்து கதை சொல்வது எனக்கு ஒப்பாது. இடையில் நின்று விற்ற கெய்ரோவையும் வெனிசையும் தாண்டிச் சரக்கை நேரே வாங்கத்தான் போர்த்துக்கேயர் கடலைச் சுற்றினார்கள். 1512இல் அவர்கள் மலுக்குவை எட்டினர். 1522இல் மகெலன் படையில் மிஞ்சித் திரும்பிய ‘விக்டோரியா’ என்ற ஒற்றைக் கப்பலில் ஏறத்தாழ 26 தொன் கராம்பு இருந்தது; பயணச் செலவை அதுவே ஈடுகட்டியது. 1560இல் மன்னாரிலும் போர்த்துக்கேயரின் கோட்டை எழுந்தது. திருக்கேதீச்சரத்தை இடித்த கல்லில்தான் அதைக் கட்டினார்கள் என்பது மன்னார்ச் சனங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சு.